யாரும் பிரிக்காத குஷன்

ஒரு வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமா, அந்த வீட்டு மனிதர்களைக் கேட்காதே, சோபாவைக் கேள் என்பார் பஞ்சண்ணன். சோபா, நாற்காலி, மெத்தை என்று உட்காரவும் படுக்கவும் ஆன எல்லாவற்றையும் பிரித்துத் தைப்பது அவர் தொழில். பழைய உறையைக் கிழித்து உள்ளே கை விட்டால் சீப்பு வரும், பென்சில் வரும், பிஸ்கட் தூள் வரும். சில சமயம் மோதிரமும் வரும்.

"மோதிரத்தைக் கொண்டுபோய்க் குடுத்தா துள்ளிக் குதிப்பாங்கன்னு பாத்தா, முகம் சுண்டிப்போயிடுது. அதுக்காக யாரைத் திருடின்னு சொன்னோம்னு அப்பத்தானே ஞாபகம் வருது!" என்பார்.

தலையில் எப்போதும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர்தான் பஞ்சண்ணன். நரை விழுந்தபோதுகூட ரொம்ப நாள் யாருக்கும் தெரியவில்லை. முன்னால் பட்டறை, பின்னால் ஓர் அறையும் அடுக்களையும், அதுதான் வீடு. உறை தைப்பது அண்ணி, உள்ளே அடைப்பது அண்ணன். "வெளிய பளபளன்னு இருக்கே, அது என் வேலை. உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவருக்கும் இவருக்கும்தான் வெளிச்சம்" என்று அண்ணி வாடிக்கையாளர்களிடம் விளையாட்டாகச் சொல்வது உண்டு. அந்த விளையாட்டுப் பேச்சு பிற்பாடு அண்ணியையே சுட்டது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலில் ஒருநாள் வண்டியிலிருந்து இறக்கிய சோபாவின் மரச்சட்டம் சறுக்கி, அண்ணனின் வலது கைமேல் விழுந்தது. எலும்பு நொறுங்கி, கிழிந்த இடத்தில் வரிசையாகத் தையல் போட்டார்கள். ஊசி பிடிக்கிற கை அது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மரக்கட்டை போல நின்றன. அந்த மாதங்களில் அவர்கள் குடும்பத்தைத் தாங்கியது வெள்ளிக்கிழமை ஜெபக் குழு. பக்கத்துத் தெருக்களிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள், வாரம் ஒரு வீட்டில் சாயங்காலம் கூடிப் பாடி, ஜெபித்துவிட்டுப் போகிற சின்னக் கூட்டம். யார் சொல்லியும் அல்ல, தாங்களே முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தைத்து முடித்த நாற்காலிகளைத் தன் வேனிலேயே ஏற்றிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸக்கா தினமும் காலையில் வந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவார். அண்ணன் வலியில் கத்துவார்.

"கத்து தம்பி, நல்லா கத்து. கத்துறதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கையை மட்டும் இழுக்காதே" என்பார் அக்கா.

ஒருநாள் அந்தக் கை கோணி ஊசியைப் பிடித்தது. அன்றைக்கே அண்ணன் தீர்மானித்துவிட்டார், இதற்கு ஒரு நன்றிக் காணிக்கை செய்ய வேண்டும் என்று. ஜெபக் குழு வெறும் சிமெண்ட் தரையில்தான் உட்காரும். நர்ஸக்கா எழுந்தால் 'ஆமென்' முடிவதற்குள் முட்டி சத்தம் போடும். ஆளுக்கொரு குஷன் தைத்துக் கொடுத்தால்?

நேரம் பார்த்தாற்போல ஒரு பழைய லாட்ஜை மூடினார்கள். அங்கிருந்த சோபாக்களை எடுத்துப்போகச் சொல்லி அண்ணனுக்கு ஆள் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அத்தனையும் கனமான, நயமான பஞ்சு. இப்போது கடையில் தேடினாலும் கிடைக்காது. இதைத் தூக்கி எறிந்தால் பாவம் என்று அண்ணன் அதை மாடியில் காயப் போட்டார். அன்று பார்த்து மேகம்.

"இன்னும் ரெண்டு வெயில் காட்டினா என்ன?" என்றார் அண்ணி.

"வெள்ளிக்கிழமை குடுக்கணும்டி. நல்ல காரியத்தை நாளைக்குன்னு தள்ளக் கூடாது."

ஒரு டஜன் குஷன். உறைகளை மிஞ்சிய துணிகளில் அண்ணி விதவிதமாகத் தைத்தார். ஒன்றில் மட்டும், ஆசைக்காக, நடுவில் சிலுவையும் சுற்றிலும் பூக்களும் வைத்துப் பூவேலை செய்தார். குழு அசந்துபோயிற்று. "நம்ம மாளிகையா இது!" என்று வேன்காரர் உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார். குழுவை நடத்துகிற மூப்பர் எழுந்து, கொடுக்கும் மனது பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலைக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. கூட்டம் முடிந்ததும் குஷன்களை இரண்டு பெரிய பைகளில் திணித்து, அடுத்த வாரம் யார் வீட்டில் கூட்டமோ அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாரம் முழுவதும் அங்கேயே இருக்கும். பிறகு அடுத்த வீடு. இப்படியே குஷன்கள் வீடு வீடாகச் சுற்றி வந்தன.

சில வாரம் போனது. அண்ணியின் முழங்கையில் வரிசையாகத் தடிப்புகள். கொசு என்றார்கள். அப்புறம் அண்ணனின் கழுத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் போக வெள்ளைச் சட்டையை எடுத்தவர் அதன் மடிப்பில் மெதுவாக ஊர்ந்த ஒன்றைப் பார்த்து அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மூட்டைப்பூச்சி.

"வெளிய மூச்சு விடாதீங்க!" அண்ணி கதவைச் சாத்தினார். "சோபா தைக்கிறவன் வீட்டுல மூட்டைப்பூச்சின்னா என்ன சொல்லுவாங்க? முடிவெட்டுறவன் தலையில பேன்னு சொன்ன மாதிரி. நாளைக்கு எவன் நம்மகிட்ட மெத்தை குடுப்பான்?"

அது மெய்தான். சபையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த மண்டபத்துக்கு நூற்றுக்கணக்கில் மெத்தை இருக்கைகள் வேண்டியிருந்தன. மூப்பர்தான் அதற்குப் பொறுப்பு. "நம்ம பஞ்சண்ணன் இருக்கும்போது வெளியில எதுக்கு?" என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லியிருந்தார். அந்த வேலை வந்தால் கை உடைந்த காலத்தின் நொடிப்பெல்லாம் நிமிர்ந்துவிடும்.

கொதிநீர் ஊற்றினார்கள். கட்டிலை வெயிலில் போட்டு அடித்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக, அண்ணி ஒரு நல்ல தலையணையையே எரித்துவிட்டார். பூச்சி மட்டும் வாடகை கொடுக்கிற குடித்தனக்காரனைப் போல உரிமையோடு இருந்தது.

இதற்கிடையில் ஜெபக் கூட்டத்தில் சில விசித்திரங்கள் நடந்தன. வேன்காரர் குஷனில் உட்காராமல் சுவரோரம் நின்றார். "முதுகுவலி. டாக்டர் நிக்கச் சொல்லிட்டாரு" என்றார். நாள் முழுக்க உட்கார்ந்து வேன் ஓட்டுகிறவருக்கு எந்த டாக்டர் நிற்கச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் தன் புடவையை இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் தவமிருப்பதுபோல முனையில் உட்கார்ந்திருந்தார். ஜெபக் குறிப்பு கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்.

"வீட்டுல ஒரு சின்ன போராட்டம், பிரதர். ராத்திரியில தூக்கம் இல்ல."

"எங்களுக்கும்தான். வெளிய சொல்ல முடியாத ஒரு தொந்தரவு."

"மறைவா வந்து தாக்குற சத்துருவுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றார் மூப்பரே.

எல்லாருமாகச் சேர்ந்து கண்களை மூடி, மறைவான சத்துருவைக் கண்டித்து உருக்கமாக ஜெபித்தார்கள். ஜெபத்தின் நடுவே எங்கோ யாரோ வறட் வறட்டென்று சொறிகிற சத்தம் கேட்டது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

அந்தக் கூட்டம் முடிகிற சமயத்தில் நர்ஸக்கா மெல்லச் சொன்னார்: "அடுத்த மாசத்துல இருந்து நான் வரல. வயசாயிடுச்சு. படியேற முடியல. என் முறையையும் எடுத்துடுங்க."

குழுவில் ஒரு வீட்டைத் தவிர எந்த வீட்டுக்கும் படி கிடையாது. அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏன் என்று விளங்கவில்லை.

அடுத்த முறை அவர் வீடு. வேன்காரர் காலையில் இரண்டு பைகளையும் பட்டறையில் இறக்கிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். அண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. நம் வீட்டுப் பூச்சி குஷனில் ஏறி எல்லார் வீட்டுக்கும் போயிருக்குமோ? வாசலோரம் நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒரு குஷனை மடியில் வைத்து ஓரத்தைப் பார்த்தார்.

தையல் அவருடையது அல்ல.

பஞ்சை அடைத்து வாயைத் தைத்து மூடுவது எப்போதும் அவர்தான்; மெழுகு நூலில், உள்மடிப்பாகத் தைப்பவர். இதில் சிவப்பு நூல்; கோடு போட்டதுபோல நேராக, இடைவெளி பிசகாமல். பிரித்தார். பாச்சை உருண்டைகள் பொலபொலவென்று கொட்டின. சிவப்பு நூலும் பிசகாத இடைவெளியும்: கணக்கு டீச்சரைத் தவிர வேறு யார்? அடுத்ததை எடுத்தார். கோணல்மாணலாகச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே பஞ்சு முழுக்க டீசல் வாடை. இன்னொன்றில், சபை அறிவிப்புத் தாளில் மடித்த ஒரு பொட்டலம். திறந்தால் புகையிலை! அது யார் கைவேலை என்று அண்ணனால் ஊகிக்க முடியவில்லை.

நாலாவதை எடுத்தபோது விரல் தானாக நின்றுவிட்டது. தொடர் தையல் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு, காயத்துக்குப் போடுகிற மாதிரி. அந்த முடிச்சுகள் அவர் கையிலேயே இருந்தவை. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்ததே நர்ஸக்காதான். பிரித்தார். ஆஸ்பத்திரி மருந்து வாடை வந்தது.

அண்ணனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாரா வாரம் ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் வீட்டுப் பூச்சி குஷனில் ஏறிவிட்டதே என்று பதறி, பிரித்து மருந்து வைத்துத் தைத்து, ஒன்றும் தெரியாதவர்கள்போல அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது! முழுப் பூசணிக்காயை எல்லாருமாகச் சேர்ந்து ஒரே சோற்றில் மறைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்தார். எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் கை. கடைசியில் மிஞ்சியது, சிலுவையும் பூவும் போட்ட குஷன். அதில் மட்டும் அவருடைய மெழுகு நூல் அப்படியே இருந்தது. அதைக் கிழிக்க யாருக்கும் மனசு வரவில்லை போலும்.

அதைப் பிரித்தார். சிரிப்பு நின்றது.

உள்ளே லாட்ஜ் சோபாவின் பழைய கித்தான் துண்டு ஒன்று பஞ்சோடு ஒட்டியே இருந்தது. அதன் மடிப்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், காய்ந்த தோல்கள், வெள்ளை முட்டைகள், அவற்றின் நடுவே உயிருள்ளவை. யாரும் தொடாத தையலுக்குள் குடும்பம் குடும்பமாக. சிலுவைக்கு அடியில்தான் இருக்கிறோம் என்ற மரியாதை பூச்சிக்குத் தெரியவில்லை. எந்த வீட்டிலிருந்தும் வந்ததல்ல இது. அவர் கையால் அடைத்து, அவர் கையால் மூடி, நன்றிக் காணிக்கை என்று கொடுத்தது.

அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் கொதிக்க வெச்சு எரிச்சிடுவோம். புதுசா தைச்சுக் குடுத்துடுவோம். போதும்" என்றார்.

"சொல்ல வேண்டாமா?"

"யாருக்கு? அவங்கவங்க, தங்க வீட்டுல இருந்துதான் போச்சுன்னு நினைச்சிட்டு இருக்காங்க. யாரும் உங்களைக் கை காட்டலையே. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு நீங்களா போய் ஏன் சொல்லணும்? மண்டபத்து வேலை வர்ற நேரங்க." பேராசை அல்ல அது. அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை மாதக்கணக்கில் கழுவித் திருப்பிக் கொடுத்தவருக்குத்தான் தெரியும் அந்தப் பயம்.

அண்ணன் அந்த நாலாவது குஷனின் முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் படியேற முடியவில்லை என்ற பேச்சு அவருக்கு விளங்கியது. அக்கா தன் வீட்டிலிருந்துதான் எல்லார் வீட்டுக்கும் பூச்சி போயிற்று என்று நினைக்கிறார். வாழ்நாளெல்லாம் சுத்தம் சுத்தம் என்று ஊருக்குச் சொன்னவர். வெட்கத்தில் குழுவை விட்டே விலகப் பார்க்கிறார். தனியாக இருக்கிற மனுஷி. வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டால் அவர் வாரத்தில் என்ன மிச்சம்?

"யோசிச்சுப் பாரு," என்றார் கடைசியில். "என் மோதிரத்துக்கு அக்கா திருடிப் பட்டம் சுமக்கிறாங்க. மோதிரம் இப்ப என் கையிலதான் இருக்கு."

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "உங்களைக் கட்டிக்கிட்டேன் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குச் சம்மதம் என்று பொருள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பட்டறையில் வெறும் தரை. குஷன் ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்த ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு நிம்மதி பளிச்சிட்டு மறைந்ததை அண்ணன் பார்த்தார். பாட்டு முடிந்ததும், ஜெபக் குறிப்பு கேட்பதற்கு முன்னால் எழுந்து நின்றார். பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"எல்லார் வீட்டுலயும் மூட்டைப்பூச்சி இருக்கு" என்றார் எடுத்த எடுப்பில்.

ஊசி விழுந்தால் கேட்கும். அது ஊசி விழுகிற பட்டறைதான். ஆனாலும் அப்படி ஓர் அமைதியை அது கண்டதில்லை.

"அது யார் வீட்டுல இருந்தும் வரல. நான் குடுத்த குஷன்ல இருந்து வந்தது. லாட்ஜ் பஞ்சு. ரெண்டு வெயில் காட்டச் சொன்னா இவ. நான் கேக்கல. நல்ல பேரு வாங்குற அவசரம். நன்றின்னு சொல்லி உங்க வீட்டுக்குள்ள இதைக் கொண்டுவந்து விட்டது நான்தான். மன்னிச்சிடுங்க."

கணக்கு டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ... எங்க வீட்டுல இருந்து இல்லையா?"

"என்னது, உங்க வீட்டுலயா?" என்று துள்ளினார் வேன்காரர். "நான் என் வேன் சீட்டுல இருந்துன்னு நினைச்சு, பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு தினமும் செத்துக்கிட்டிருக்கேன்!"

"டீசல் நீங்கதானா? ஒரு வாரம் எங்க வீடே பெட்ரோல் பங்க் மாதிரி இருந்துச்சு!"

"பாச்சை உருண்டை வெச்சவங்க பேசக் கூடாது டீச்சர்."

"அப்ப அந்தப் புகையிலை?" என்றார் அண்ணன், தன்னையும் மீறி.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூப்பர் தொண்டையைக் கனைத்தார். புகையிலையைக் கையால் தொட்டாலே பாவம் என்று வருஷத்துக்கு ஒரு பிரசங்கமாவது செய்கிறவர். "அது... மூட்டைப்பூச்சிக்கு நல்லதுன்னு சொன்னாங்க," என்றார். "கடையில போய்க் கேக்கறப்ப பக்கத்துத் தெரு ஆள் ஒருத்தர் பாத்துட்டாரு. அவருக்கு இன்னும் நான் விளக்கம் சொல்லல."

அவ்வளவுதான். சிரிப்பு வெடித்தது. வேன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணி சிரித்துக்கொண்டே அழுதார்.

நர்ஸக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அண்ணனுக்கு நேராக வந்தார். முட்டி சத்தம் போட்டது.

"ஏன் தம்பி, எத்தனை நாளா என் தங்கச்சியை வீட்டுப் பக்கம் வராதேன்னு சாக்கு சொல்லிட்டு இருக்கேன் தெரியுமா? அவ கோவிச்சுக்கிட்டுப் பேசறதே இல்ல. நான் உங்க எல்லாருக்கும் நோயைக் குடுத்துட்டேனேன்னு முழங்கால்ல நிக்கக்கூட வெக்கப்பட்டேன்." கோபம்தான்; மறைக்கவில்லை. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்தார், பழைய காலைகளில் இழுத்ததுபோல. "இதைச் சொல்லாம இருந்திருந்தா உனக்கு என்னடா நஷ்டம்? சொல்லிட்டே பாரு. இந்தக் கையை நான் வீணா நீட்டி மடக்கல."

அதற்குப் பிறகு ஜெபிக்க யாருக்கும் நீண்ட வார்த்தை வரவில்லை. மூப்பர், "ஆண்டவரே, சொறியறதைக்கூட ஒளிச்சு வெச்சோம். மன்னியும்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குழுவில் அதுவரை ஏறெடுத்த ஜெபங்களிலேயே சின்னது அதுதான். அவ்வளவு பேரும் ஒரே மூச்சில் ஆமென் சொன்னதும் அதற்குத்தான்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. வீடு வீடாகப் போய்க் கட்டில்களைப் பிரித்தார்கள், அலமாரிகளை நகர்த்தினார்கள், துணிகளை அண்டாவில் கொதிக்க வைத்தார்கள். சோபாக்களை அண்ணனே ஆணி பிடுங்கிப் பிரித்து, ஆவி காட்டி, புதுப் பஞ்சு வைத்து மூடினார். ஒரு வீட்டிலும் கூலி வாங்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாக இவர்கள் வீடுகளுக்குப் போகிறோமே, முன்னறையைத் தாண்டியதே இல்லை. விரித்த பாயும் துடைத்த மேசையும்தான் பார்த்திருக்கிறோம். பூச்சிதான் உள்ளறைக்குக் கூட்டிப்போயிற்று. டீச்சர் வீட்டு உள்ளறையில் எழுந்திருக்க முடியாத மாமனார் படுத்திருந்தார். அவரைப் புரட்டிப் போட டீச்சர் ஒருவராகவே இத்தனை காலம் மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது வேன்காரர் தினமும் வேன் எடுக்கும் முன் வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போகிறார். மூப்பரின் கட்டில் ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்து நின்றது. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவர் தன் கட்டிலுக்கு ஒரு கால் போடச் சொல்ல வாய் வராமல் இருந்திருக்கிறார். அண்ணன் போட்டுக் கொடுத்தார்.

தோட்டத்தில் இலையைக் கோத்துக் கட்டிக்கொண்டு ஒளிந்த முதல் மனிதனிடம் ஆண்டவர் கேட்டது, எங்கே இருக்கிறாய் என்றுதான். தெரியாமலா கேட்டார்? நீயாகவே வெளியே வா என்று கூப்பிட்டார். நமக்கும் அதே குரல்தான். சில சமயம் அது அரிப்பாக வருகிறது.

மண்டப இருக்கை வேலை அண்ணனுக்கு வரவில்லை. கட்டடக் கமிட்டியில் யாரோ விஷயத்தைக் கேள்விப்பட்டு முகம் சுளித்தார்கள். மூப்பர் வாதாடிப் பார்த்துத் தோற்று, அதைச் சொல்ல நேரில் வந்து, வாசலில் நின்று தயங்கினார். "உள்ள வாங்க" என்றார் அண்ணன். அந்த வார்த்தை இப்போது அந்தக் குழுவில் எல்லார் வாயிலும் முன்னைவிடச் சரளமாக வருகிறது. வேலை போன வருத்தம் இருந்தது. ஆனால் அதே வாரம் நர்ஸக்கா தன் பழைய சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறையில் போட்டார்.

"தைச்சுக் குடு. உள்ள என்ன பஞ்சு வெக்கிறேன்னு நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்."

பார்த்தார். தைத்துமுடித்த நாற்காலியை வீட்டுக்கு வந்திருந்த தங்கைக்குக் காட்டினார். தங்கை தன் அக்கம்பக்கத்தாரிடம் சொன்னார். "கண்ணு முன்னாடியே பிரிச்சு, கண்ணு முன்னாடியே மூடுறாரு" என்று பேச்சுப் பரவி, இப்போது பட்டறையில் ஒரு ஸ்டூல் நிரந்தரமாகப் போட்டிருக்கிறது, வாடிக்கையாளர் உட்கார்ந்து பார்க்க.

ஜெபக் குழுவுக்கும் புதுக் குஷன்கள் வந்தன. இந்த முறை கடையில் வாங்கிய புதுப் பஞ்சு. அதற்கும் அண்ணி கேட்டபடி வெயில் காட்டியாயிற்று. ஒரே ஒரு மாற்றம். ஓரத்தில் மெழுகு நூல் இல்லை. ஒவ்வொன்றிலும் ஜிப் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நர்ஸக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உட்காருவதற்கு முன்னால் சர்ரென்று திறந்து, கண்ணாடியைச் சரிசெய்து உள்ளே பார்த்து, "ம், உக்காரலாம்" என்று உத்தரவு கொடுத்தபிறகுதான் பாட்டே ஆரம்பம்.

போன வெள்ளிக்கிழமை, நன்றி சொல்லும் நேரத்தில் அண்ணன் எழுந்து, குணமான கைக்காகவும் திறந்த வீடுகளுக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னார். "அந்த மூட்டைப்பூச்சிக்காகவும்..." என்று தொடங்கியவரை அண்ணி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"வந்ததுக்குச் சொல்லாதீங்க. போனதுக்குச் சொல்லுங்க. அது காதுல விழுந்து, நம்மளத்தான் கூப்பிடறாங்கன்னு திரும்பி வந்துடப்போகுது!"